கண் முளைத்த மீன்கள்

கையின் நிழல் விழுந்ததும் மீன் விலகியது.

வேறு எந்தத் தொட்டியில் நடந்திருந்தாலும் யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். மீன் என்றால் விலகத்தானே செய்யும். ஆனால் அந்தத் தொட்டியில் இருந்தவை குகை மீன்கள். பிறவியிலேயே குருடு. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய தோல் மழமழவென்று மூடிக் கிடக்கும். நீர் அசைந்தால்தான் அவற்றுக்கு எதுவும் தெரியும். அவள் கை இன்னும் நீரைத் தொடவே இல்லை.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். மூச்சை அடக்கி, தொட்டியின் மேல் மறுபடியும் மெதுவாக நீட்டினாள். கீழே ஒதுங்கியிருந்த மீன் அரை வட்டம் அடித்து, நிழல் இல்லாத மூலைக்குப் போய் நின்றது.

"ஏய், உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் அவள், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்பதுபோல.

கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த அறை அது. ஜன்னல் கிடையாது. குகை மீன்களைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரியும். வெளியே உச்சி வெயில் அடித்தாலும் உள்ளே அந்தி கழிந்த நேரம்போலத்தான் இருக்கும். காற்றுக் குமிழிகளை ஊதும் மோட்டார் ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். ஈரச் சுண்ணாம்பும் மீன் தீனியும் கலந்த வாடை துணியில் ஏறிவிட்டால் வீடுவரை கூடவே வரும். அவளுக்கு அதெல்லாம் பழகிப்போன விஷயம். எத்தனையோ வருடமாக மீன்களோடுதான் குடித்தனம்.

அவள் வேலை மீன்களின் மரபணுக்களைப் படிப்பது. மேலே ஆற்றில் நீந்தும் மீனுக்கும் கீழே குகையில் கிடக்கும் மீனுக்கும் ஒரே மூதாதை. என்றோ ஒரு காலத்தில் ஒரு கூட்டம் இருட்டுக்குள் மாட்டிக்கொண்டது. இருட்டில் கண் வீண் செலவு. தலைமுறை தலைமுறையாகக் கண்ணை உண்டாக்கும் மரபணுக்கள் பழுதாகின. ஆற்று மீனின் மரபணு வரிசையையும் குகை மீனின் வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த இடத்தில், எப்படிப் பழுதானது என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. பாழடைந்த வீட்டில் எந்த விளக்கு முதலில் அணைந்தது என்று தேடுவதுபோல.

இரண்டு வாரத்துக்கு முன் இந்த மீன்களைக் கொண்டுவந்து கொடுத்தது அவளுடைய அண்ணன். அவர் தொழில்முறை முக்குளிப்பாளர். அணைக்கட்டின் மதகு சிக்கிக்கொண்டாலும் சரி, ஏரியில் கார் விழுந்தாலும் சரி, அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊருக்கு வெளியே சுண்ணாம்புக் குவாரியில் பாறையை உடைத்தபோது உள்ளே நீர் நிறைந்த குகை ஒன்று திறந்துகொண்டது. "கொசு, உனக்கு வேலை வந்திருக்கு" என்று போன் செய்தவர் அவர்தான். சின்ன வயதிலிருந்து அவளை அவர் கூப்பிடும் பெயர் அது. காதருகே வந்து நொய் நொய்யென்று கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாளாம்.

நிழலுக்கு விலகிய மீனை அவள் வலையில் பிடித்துப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். தோலுக்கு அடியில், இரண்டு பக்கமும், மிளகு அளவுக்குக் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

மறுநாள் அது எல்லா மீன்களிலும் இருந்தது.

*

வாலிலிருந்து கடுகளவு வெட்டியெடுத்து, மரபணு வரிசையைப் படிக்கும் இயந்திரத்தில் ஓட்டினாள். முடிவு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழுதான இடங்கள் சரியாகியிருந்தன. உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும் மீனின் மரபணு இப்படித் தானாக மாறாது. யுகம் யுகமாகக் கலைந்த வேலை இரண்டு வாரத்தில் திரும்பாது. அதைவிட மோசம், திரையின் ஓரத்தில் ஒளிர்ந்த சிவப்பு எச்சரிக்கை: மனிதக் கலப்பு.

ஆய்வகத்தின் இயக்குநர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உங்க தும்மல் விழுந்திருக்கும்மா. மாஸ்க் போட்டீங்களா?"

"போட்டேன் சார். மூணாவது தடவையா ஓட்டிப் பார்த்துட்டேன்."

கலப்பைக் கண்டுபிடிப்பதற்காக மீனைத் தொடுகிற எல்லோருடைய மரபணு வரிசையையும் கணினியில் வைத்திருப்பார்கள். மீனில் கலந்திருந்த மனித வரிசை அவளுடையதோடு பாதி பொருந்தியது. பாதிதான். இயக்குநர் அறையை விட்டுப் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு, அண்ணனுடைய வரிசையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

ஓர் எழுத்துகூட விலகவில்லை.

கண்ணை உண்டாக்கும் அடிப்படை மரபணு மீனுக்கும் மனிதனுக்கும் ஒரே பழைய சொத்துதான். நாமெல்லாம் பங்காளிகள் என்று அவளே எத்தனையோ கூட்டங்களில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள். இப்போது அது வேடிக்கையாக இல்லை. பங்காளி சொத்து கேட்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணிதான் கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நீயே கேளு அவரை. என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார். நேத்து கேட்டை விட்டுட்டுச் சுவத்துல போய் மோதிட்டு நிக்கறார்."

அண்ணன் கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அவள் காலடிச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பினார். அவளுக்கு நேராக அல்ல, கொஞ்சம் தள்ளி.

"கொசுவா? வா வா. ரத்தம் குடிக்க வந்தியா?"

"கண்ணுக்கு என்னண்ணா?"

"மங்கலாயிருக்கு. டாக்டர் உள்ள எல்லாம் சரியாத்தான் இருக்குங்கறார். வயசாகுது, வேற என்ன?" சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவகிட்ட சொன்னா பயந்துடுவா."

அண்ணி அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்தார்.

"குகைக்குள்ள ஒரு தடவை விளக்கை அணைச்சுப் பார்த்தேன். சும்மா, எவ்வளவு இருட்டுன்னு பார்க்கத்தான். அதுங்கெல்லாம் வந்துச்சு. என் முகக் கண்ணாடி மேல. ஒண்ணு மேல ஒண்ணா வந்து வாயை வச்சுச்சு. கை மேலயோ கால் மேலயோ ஒண்ணுகூட வரல, கொசு. கண்ணு இருக்கற இடத்துல மட்டும். குழந்தை பால் குடிக்குமே, அந்த மாதிரி."

அவள் அவர் கண்களைப் பார்த்தாள். அப்பாவிடமிருந்து அவருக்கு மட்டும் வந்த தேன் நிறக் கண்கள். அந்த நிறம் வெளுத்துப் போயிருந்தது. அலசி அலசிச் சாயம் போன துணியைப்போல.

"திரும்ப வாங்கிடலாம்ணா" என்றாள்.

"யார்கிட்டேயிருந்து?"

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக வேறொன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது. யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?

*

அடுத்த வாரம் தோல் மெலிந்து, கீறல் விட்டு, கண்கள் வெளியே வந்தன. மீனின் கண் முழுக்க வட்டமாக, கறுப்பாக, வெறுமையாக இருக்கும். இவற்றில் வெள்ளை விழி இருந்தது. வெள்ளையில் மெல்லிய செந்நரம்புகள் ஓடின. நடுவில் தேன் நிறம்.

அவள் உள்ளே நுழைந்தால் கூட்டம் முழுவதும் கண்ணாடிப் பக்கம் வந்து நிற்கும். இடது பக்கம் நடந்தால் இடது பக்கம். குனிந்தால் கீழே. மோட்டாரின் முனகலுக்கு நடுவே, செதில்கள் கண்ணாடியில் உரசும் சத்தம் மட்டும், யாரோ உள்ளங்கையை உள்ளங்கையில் தேய்ப்பதுபோலக் கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் கீழுதட்டைக் கடித்தபடி, "பார்த்தது போதும், தள்ளு" என்று சத்தமாகவே சொல்லி வேலையைச் செய்வாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொள்வாள். அவை நகராது.

இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. "போன கண்ணு திரும்பி வந்திருக்கு! உலகமே நம்ம வாசல்ல வந்து நிக்கப் போகுதும்மா. திங்கக்கிழமை பெரிய பெரிய ஆய்வகத்துக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மீன் அனுப்பப் போறோம்."

"அனுப்பக் கூடாது சார்."

"என்ன சொல்றீங்க?"

"அதை அழிக்கணும். என் அண்ணனோட பார்வை போயிட்டிருக்கு. அவரோட வரிசை அந்த மீன்ல இருக்கு. நான் காட்டினேன், நீங்கதான் தும்மல்னு சொன்னீங்க."

"குடும்பக் கஷ்டத்தை ஆராய்ச்சியோட கலக்காதீங்க." பேசிக்கொண்டே அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மாட்டினார். முகத்தைச் சுளித்தார். மறுபடி கழற்றித் துடைத்தார். "நீங்க கையெழுத்துப் போடலைன்னா வேற ஆள் போடுவாங்க."

"போடட்டும். நான் போட மாட்டேன்."

அவர் மூன்றாவது முறையாகக் கண்ணாடியைத் துடைப்பதைப் பார்த்தபடி, "சார், நீங்க எத்தனை தடவை கீழ தொட்டியைப் பார்க்கப் போனீங்க?" என்று கேட்டாள்.

அவர் மேசை மேலிருந்த பேனாவைத் தேடினார். அது அவர் கைக்கு எதிரிலேயே இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. கட்டடத்தில் ஒருவரும் இல்லை. தன் சாவியால் திறந்துகொண்டு அடித்தளத்துக்கு இறங்கினாள். பையில் ஒரு பெரிய பாட்டில் நிறையக் கிராம்பு எண்ணெய் இருந்தது. கொஞ்சம் விட்டால் மீன் மயங்கும். நிறைய விட்டால் அந்தத் தூக்கத்திலேயே போய்விடும். வேலை போகும். பெயர் கெடும். வழக்குகூட வரலாம். படி இறங்க இறங்க ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எதுவும் அவளை நிறுத்தும் அளவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது அமைதி. மோட்டார் நின்றிருந்தது. குமிழிகள் இல்லை. வெளியே கொட்டிய மழை சுவருக்குள்ளே எங்கோ குழாய் வழியாக இறங்கும் சத்தம் மட்டும், தொண்டையில் தண்ணீர் இறங்குவதுபோலக் கேட்டது. சிவப்பு வெளிச்சத்தில் தொட்டி கருஞ்சிவப்பாக நின்றது. மீன்கள் அசையவில்லை. வரிசையாக, தலைகள் எல்லாம் கதவைப் பார்த்தபடி, அவள் வருவதற்கு முன்பே அப்படி நின்றிருந்தன.

"வந்துட்டேன்" என்றாள்.

பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். கிராம்பின் காரமான மணம் அந்த ஈர வாடையைக் கிழித்துக்கொண்டு எழுந்தது. கைபேசி அடித்தது. அண்ணன். ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்தாள்.

"கொசு." குரல் மெதுவாக வந்தது. "கையில என்ன? பழுப்புப் பாட்டிலா?"

அவள் கை நின்றது. "அண்ணி சொன்னாங்களா?"

"அவளுக்கு எப்படித் தெரியும்? அவ தூங்கறா. நான் கட்டில்ல படுத்திருக்கேன். கண்ணை மூடிட்டுத்தான் படுத்திருக்கேன்." மூச்சு இழுக்கும் சத்தம். "நீ நீல ரவிக்கை போட்டிருக்க. தலை நனைஞ்சிருக்கு. ரொம்பப் பெரிசாத் தெரியற. எல்லாப் பக்கத்துலேருந்தும் தெரியற."

அவள் தொட்டியைப் பார்த்தாள். அத்தனை தேன் நிறக் கண்களும் அவளையே பார்த்தன.

"அண்ணா, இதை ஊத்தினா..." கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். "இப்போ தெரியறதும் போயிடும்னா? திரும்பி வராமலே போயிடுச்சுன்னா?"

போனில் கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

"கொசு, உன்னைப் பார்த்தா பசிக்குது."

"என்னண்ணா?"

"உன் கண்ணைப் பார்த்தா எனக்குப் பசிக்குது. இது நான் பார்க்கறது இல்ல. என்னை வச்சு அது பார்க்குது. ஊத்து."

"அண்ணா..."

"இருட்டு எனக்குப் பழக்கம். அதுல எத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கேன்! நான் சமாளிச்சுக்குவேன். இதுங்களுக்குத் தானமா குடுக்க மாட்டேன். ஊத்துடா!"

அவள் ஊற்றினாள். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை உதறினாள். எண்ணெய் நீரின் மேல் விரிந்து, வெண்மேகமாகக் கலங்கி இறங்கியது. விரல்களெல்லாம் எண்ணெய் வழிந்து எரிந்தன. அப்போதும் மீன்கள் பதறவில்லை. ஓடவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே சாய்ந்தன. ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. வெளிறிய வயிறுகள் மேலே வந்தன.

"மங்குது" என்றார் அண்ணன். "ஒண்ணொண்ணா அணையுது. நீ பாதிதான் தெரியற. இப்போ கைமட்டும்..." நிறுத்தினார். பிறகு பெருமூச்சு. அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். "ஒண்ணும் தெரியல. நல்ல இருட்டு. என்னோட இருட்டு."

காலிப் பாட்டிலைக் கீழே வைத்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் தானாக வழிந்தது. "சரிண்ணா. நான் வரேன். அங்கேயே இருங்க."

வலையை எடுத்துத் தொட்டிக்குள் விட்டாள். மேலே மிதந்த ஒரு மீனை அள்ளி வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

அதன் கண்கள் மூடியிருந்தன.

மீனுக்கு இமை கிடையாது. அந்த இனத்தில் எந்த மீனுக்கும் கிடையாது. வரிசை வரிசையாக, எழுத்து எழுத்தாக அவள் படித்திருக்கிறாள். செத்தாலும் திறந்தபடியே கிடக்கும் கண்.

மூடியிருந்தது. மெல்லிய தோல். ஓரத்தில் இமை முடிகள்.

தொட்டியைப் பார்த்தாள். மிதந்தவை எல்லாம் மூடியிருந்தன. தூங்கும் குழந்தைகள்போல.

அவள் கண் சிமிட்டினாள்.

எல்லாம் திறந்தன.

தேன் நிறம் இல்லை. கறுப்பு. அவளுடைய கண்.

தன்னை அறியாமல் மறுபடி சிமிட்டினாள். அவையும் சிமிட்டின. ஒரே நேரத்தில். அந்தக் கணத்தின் இருட்டுக்குள், ஒரு மின்னல்போல, அவள் தன்னையே பார்த்தாள். கீழேயிருந்து. நீருக்குள்ளிருந்து. வலையோடு நிற்கும் ஒரு பெரிய முகம். பசி.

கண் திறந்தபோது அறை ஒரு படி மங்கியிருந்தது.

புரிந்துவிட்டது. ஒவ்வொரு சிமிட்டலுக்கும் அவள் பார்வையிலிருந்து ஒரு வாய்.

"கொசு? என்ன ஆச்சு? பேசு!" மேசை மேலிருந்து அண்ணனின் குரல்.

"ஒண்ணும் இல்லண்ணா" என்றாள். குரல் நடுங்கவில்லை. "ஒரு கணக்கு பாக்கி இருக்கு. முடிச்சுட்டு வரேன்."

வலையைக் கீழே போட்டாள். ஓடவில்லை. கதவைப் பார்க்கக்கூட இல்லை. தொட்டியின் விளிம்பில் கையூன்றிக் குனிந்து, அவற்றை நேருக்கு நேராகப் பார்த்தாள். சிமிட்டவில்லை.

கண் வறண்டது. எரிந்தது. நீர் நிறைந்து கன்னத்தில் இறங்கியது. சிமிட்டவில்லை.

செத்து மிதந்த மீன்களின் இமைகள், அவளுக்காகக் காத்திராமல், மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தன. அவற்றோடு அவள் இமைகளும் இறங்கின. உள்ளிருந்து யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல.

"மாட்டேன்" என்றாள்.

கையை உயர்த்தினாள். கிராம்பு எண்ணெய் வழியும் விரல்களால் தன் இரண்டு இமைகளையும் பிடித்து, மேலே தூக்கி, நெற்றியோடு அழுத்தினாள். நெருப்பு. நெருப்பு கண்ணுக்குள்.

"மாட்டேன். இது என்னுது."

சிவப்பு வெளிச்சத்தில், வயிறு மேலாக மிதந்தபடி, அத்தனை மீன்களும் அரைக்கண் மூடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.